குச்சிக்கிழங்கு மாவில் மக்கும் பிளாஸ்டிக்: எந்த வழியில் இறங்கலாம்?

ராசிபுரம் பக்கத்தில் என் மச்சினன் மூன்று பங்காளிகளோடு சேர்ந்து ஒரு சிறிய சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்துகிறான். நாளைக்கு 25 டன் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அரைக்கும் ஆலை. போன வருஷம் ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுட அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். கிழங்கு வரத்து இல்லாத பருவம், அரவை நின்றிருந்தது, மாவு காய வைக்கும் களம் வெறுமையாக வெயிலில் கிடந்தது. சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மாமா, நீங்க இருபது வருஷம் பிளாஸ்டிக் கம்பெனியில இருந்தவங்க. நம்ம மாவுலயே மக்குற பை போடலாம், மெஷின் தர்றோம்னு ஒருத்தர் வந்து பேசிட்டுப் போயிருக்காரு. இறங்கலாமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஃபிலிம் ஊதும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன்தான் நான். ஆனாலும் பாலிதீன் வேறு, இது வேறு. அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல் படித்தும், ஆட்களிடம் கேட்டும், வீட்டு அடுப்பிலேயே செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை அவனுக்காக எழுதத் தொடங்கினேன். இதே கேள்வியோடு சேலம், நாமக்கல் பக்கம் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே வைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "செடியிலிருந்து வந்தது" என்பதும் "மக்கும்" என்பதும் இரண்டு தனித்தனிச் சங்கதிகள். பிரேசிலில் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்புச் சாராயத்தை எத்திலீனாக்கி அதிலிருந்து பாலிதீன் செய்கிறது. முழுக்க முழுக்கக் கரும்பிலிருந்து வந்தது. ஆனால் மண்ணில் போட்டால் சாதாரணப் பாலிதீனைப் போலவே அப்படியே கிடக்கும், ஏனென்றால் அதுவும் அதே பாலிதீன்தான். இதற்கு நேர் எதிர் பிபிஏடி (PBAT) என்ற பாலியஸ்டர். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1998-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள். பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே செய்கிறார்கள், ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். நம் ஊர்க் கடைகளில் "சோள மாவுப் பை" என்று தருகிறார்களே, மெத்தென்று, சற்றே மங்கலாக, அதில் பெரும்பகுதி இந்த பிபிஏடிதான். மாவு துணைக்குத்தான் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மாவு வைத்திருப்பவன் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய விஷயம் இது.

இனி வழிகள். என் கணக்கில் ஐந்து இருக்கின்றன.

வெறும் மாவுப் படலம்

யூடியூபில் எல்லோரும் செய்து காட்டுவது இதைத்தான். ஜவ்வரிசி வத்தல் போடத் தெரிந்த வீட்டில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். 10 கிராம் மாவு, 60 மில்லி தண்ணீர், 5 மில்லி கிளிசரின், 5 மில்லி வினிகர். அடுப்பைக் குறைத்து வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் 60, 70 டிகிரியில் மாவு வெந்து கூழாகி, கண்ணாடி மாதிரித் தெளியும். எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு நாள் நிழலில் உலர்த்தினால் உரித்தெடுக்க ஒரு படலம் கிடைக்கும்.

கிளிசரின் எதற்கு? மாவுச்சத்தின் சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்பவை. அவற்றுக்கு நடுவே கிளிசரின் புகுந்து உட்கார்ந்தால்தான் படலம் வளையும், இல்லையென்றால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். வினிகர் சங்கிலிகளைக் கொஞ்சம் வெட்டிச் சிறிதாக்குகிறது, அதனால் கூழ் ஒரே சீராகப் பரவும்.

முதல் படலத்தை உரித்தெடுத்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வெளிச்சத்துக்குக் காட்டினால் தெளிவாக இருந்தது, இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுத்தது. அப்புறம்தான் அதன் குணம் தெரிந்தது. ஐப்பசி மழையில் அலமாரியில் வைத்திருந்த படலங்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மாசியில் வெயில் ஏறியதும் மிச்சம் இருந்தவை விறைத்து, மடித்தால் பட்டென்று உடைந்தன. ஆறிப்போன களி ஏன் இறுகுகிறதோ அதே காரணம்தான் இதற்கும். வெந்து பிரிந்த சங்கிலிகள் நாளாக ஆக மறுபடி நெருங்கி வரிசை கட்டிக்கொள்கின்றன. கிளிசரின் இதைத் தள்ளிப் போடும், ஆனால் நிறுத்தாது.

தண்ணீர் பட்டால் கதை முடிந்தது. தயிரோ மீனோ போட முடியாது, தக்காளியின் ஈரமே போதும் அது கிழிய. மண்ணில் புதைத்த துண்டு மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்குள் காணாமல் போனது. மக்குவதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, பயன்படுவதில்தான் பின்தங்குகிறது. மெஷின்காரர் மச்சினனிடம் "நூறு சதவீதம் மாவு" என்று சொன்னது இந்தப் பொருளையாக இருந்தால், அதில் கைப்பை போட்டு விற்க முடியாது. வேறொன்றாக இருந்தால் அது நூறு சதவீதம் மாவு இல்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட இதைவிட நல்லது இல்லை. தொழிலுக்கு இது ஒரு கலவைப் பொருள் மட்டுமே.

மாவும் பிபிஏடியும் கலந்த ஃபிலிம்

இன்று உலகம் முழுக்க ஓடும் மக்கும் பைகளில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தவை. இத்தாலியின் நோவமோன்ட் நிறுவனம் மாவையும் மக்கும் பாலியஸ்டரையும் கலந்து "மாட்டர்-பி" என்று பல ஆண்டுகளாக விற்கிறது. மாவைக் கிளிசரினோடு இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் போட்டு, சூட்டிலும் நசுக்கலிலும் உருக வைக்கிறார்கள். அது பிபிஏடியோடு கலந்து குருணையாக வெளியே வரும். குருணையை வாங்கி ஃபிலிம் ஊதுபவர்களுக்குப் பாலிதீன் ஊதும் இயந்திரமே கிட்டத்தட்டப் போதும். சூட்டைக் குறைக்க வேண்டும், குருணையை முன்னதாக நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் பிபிஏடியின் சங்கிலி சூட்டில் அறுந்து ஃபிலிம் வலுவிழக்கும். பாலிதீன் குருணையை மூட்டையிலிருந்து நேராகக் கொட்டிப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு இது புதுப் பழக்கம்.

திருமலையில் லட்டு வாங்கப் போனவர்கள் இந்த வகைப் பையைப் பார்த்திருக்கக்கூடும். பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஹைதராபாத் ஆய்வகம் உருவாக்கிய மக்கும் பைகளை 2021 ஆகஸ்டில் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

பிபிஏடியை நுண்ணுயிர்கள் உண்மையிலேயே தின்கின்றனவா, அல்லது பொடிப்பொடியாக உடைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறதா என்பது எனக்கு முக்கியமான கேள்வி. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் பாலிதீனில் சோள மாவைக் கலந்து "மக்கும் பை" என்று விற்றார்கள். மாவு மக்கியது, பாலிதீன் துணுக்குகள் மண்ணிலேயே தங்கின. அந்த ஏமாற்றம் மறுபடி நடக்கக்கூடாது. இதற்குச் சுவிட்சர்லாந்தில் ஈ.டி.எச். சூரிச் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நல்ல பதில் தருகிறது. பிபிஏடியின் மூன்று கட்டுமானப் பொருள்களிலும் கார்பன்-13 என்ற அடையாளக் கார்பனை வைத்து மண்ணில் போட்டார்கள். அந்தக் கார்பன் கரியமில வாயுவாக வெளியே வந்தது, ஃபிலிமின் மேல் படர்ந்த பூஞ்சை இழைகளின் உடம்பிலும் இருந்தது. ஆகவே உயிர்கள் அதை உணவாக எடுத்துக்கொள்கின்றன என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு வேகத்தில் என்பது வேறு பேச்சு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது மச்சினனுக்கான கணக்கு. ஃபிலிமில் 30 சதவீதம் மாவு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 டன் ஃபிலிம் ஊதினால் 6 டன் மாவு போதும். 25 டன் கிழங்கு அரைத்தால் ஐந்தரை டன் மாவு சுமாராக வரும். ஒரு மாதம் முழுக்க ஃபிலிம் ஓட்டினாலும் அவன் ஆலையின் ஒரு நாள் அரவையைத் தாண்டிச் சற்றுத்தான் செலவாகும்! மீதி 14 டன், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் பிபிஏடி. கிலோ விலையும் பாலிதீனைவிட அதிகம். "நம் மாவுக்கு நாமே சந்தை உண்டாக்கலாம்" என்ற ஆசையோடு இதில் இறங்கினால், கடைசியில் பிபிஏடி வாங்கி விற்பவனாகத்தான் ஆவான். கிழங்கு விலை இறங்கும்போது இந்தத் தொழில் அவனைக் காப்பாற்றாது. இதை அவனிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

இருந்தாலும் ஐந்து வழிகளில் தொழிலாக நிற்கக்கூடியது என்று எனக்குப் படுவது இதுதான். எந்தப் பொருளைச் செய்வது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பிஎல்ஏ: மாவைப் புளிக்க வைக்கும் வழி

இட்லி மாவு புளிப்பதும் தயிர் புளிப்பதும் லாக்டிக் அமிலத்தால். அந்த அமிலத்தை வடித்தெடுத்து, மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் பிஎல்ஏ. நைலானைக் கண்டுபிடித்த வாலஸ் கரோதர்ஸ் 1932-லேயே இதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். மாவை நொதியால் சர்க்கரையாக்கி, சர்க்கரையைப் பாக்டீரியாவுக்குக் கொடுத்து, அமிலத்தைச் சுத்தம் செய்து, இரண்டிரண்டு மூலக்கூறாக வளையமாக்கி, வளையத்தைத் திறந்து கோக்க வேண்டும். கணக்குப்படி 1 கிலோ மாவுச்சத்திலிருந்து அதிகபட்சம் 890 கிராம் பிஎல்ஏ வரலாம். நடைமுறையில் அதைவிடக் குறையும். மாவு நிறையச் செலவாகும் வழி என்பதால் மச்சினனுக்கு இதன்மேல் கண் போனது நியாயம்தான்.

ஆனால் அளவைப் பாருங்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் பிளேர் ஊரில் இருக்கும் நேச்சர்வொர்க்ஸ் ஆலையின் திறன் ஆண்டுக்கு 1,50,000 டன். தாய்லாந்தின் ராயோங்கில் கரும்புச் சர்க்கரையிலிருந்து செய்யும் ஆலை 75,000 டன். நம் நாட்டில் பல்ராம்பூர் சர்க்கரை ஆலைக்காரர்கள் உத்தரப் பிரதேசத்தில் கட்டும் பிஎல்ஏ ஆலை 80,000 டன், செலவு 2,000 கோடிக்கு மேல். மூன்று பங்காளிகள் சேர்ந்து செய்யும் வேலை இல்லை. சேலம் சேகோசர்வ் மாதிரி ஒரு கூட்டுறவும் அரசும் கை கோத்தால் ஒருநாள் பேசலாம்.

பொருளாகவும் பிஎல்ஏவுக்கு ஒரு சங்கடம் உண்டு. 55, 60 டிகிரியிலேயே இளகிவிடும். பிஎல்ஏ தம்ளர் ஒன்றை வாங்கி வந்து கொதிக்கிற டீயை ஊற்றினேன், ஓரம் நெளிந்து சாய்ந்தது. பழச்சாறுக்குச் சரி, டீக்கடைக்கு ஆகாது. அதே காரணத்தால் தோட்டத்து மண்ணில் அது மக்குவதும் மிக மெதுவாகத்தான். 58 டிகிரியில் ஈரமாக வாரக்கணக்கில் வைத்திருக்கும் உரக்கூடத்தில் அது கரைந்துவிடும். நம் மண் அவ்வளவு சூடு ஏறுவதில்லை. என் வீட்டுக் கொல்லையில் புதைத்த தம்ளரை ஒரு வருடம் கழித்துத் தோண்டி எடுத்துக் கழுவினேன், மறுபடி தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாம் போல இருந்தது.

பிஎச்ஏ

பாக்டீரியா தன் உடம்புக்குள்ளேயே சேர்த்து வைக்கும் கொழுப்பு மாதிரியான ஒரு பாலியஸ்டர் இது. பிரான்சில் மோரிஸ் லெமோயின் 1926-இல் கண்டுபிடித்தார். மண்ணிலும் கடலிலும் தானாக மக்கக்கூடியது, தன்மையில் இதற்கு ஈடு இல்லை. விலைதான் தடை. இதில் ஒரு வகையான பிஎச்பி 1 கிலோ செய்ய 3 கிலோ சர்க்கரை வரை ஆகிறது, அப்புறம் பாக்டீரியாவை உடைத்து அதைப் பிரித்தெடுக்கும் செலவு தனி. 1990-இல் ஜெர்மனியில் ஷாம்பு பாட்டிலாக வந்து பார்த்தது, நிற்கவில்லை. அமெரிக்காவில் இதையே நம்பியிருந்த டானிமர் நிறுவனம் 2025-இல் திவால் மனு கொடுத்தது. வருங்காலத்தில் இதுதான் வெல்ல வேண்டும் என்பது என் ஆசை. இன்றைக்கு ராசிபுரத்தில் செய்வதற்கு இல்லை.

கடற்பாசியிலிருந்தும் படலம் செய்யலாம். மண்டபம், ராமேசுவரம் பக்கம் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி அதற்கு ஏற்றது. ஆனால் அது ராமநாதபுரத்துக்காரர்கள் யோசிக்க வேண்டிய வழி.

பிளாஸ்டிக்கே இல்லாத வழி

ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாக்கு மட்டைத் தட்டு செய்பவர்களை எனக்குத் தெரியும். உதிர்ந்த மட்டையைச் சேர்த்து, ஊற வைத்துக் கழுவி, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. பசை வேண்டாம், ரசாயனம் வேண்டாம். சில லட்சத்தில் தொடங்கிவிடலாம். வெயில் காலத்தில் வருடத்துக்குத் தேவையான மட்டையைக் காய வைத்துச் சேர்க்காவிட்டால் மழையில் பூஞ்சை பிடிக்கும், அதுதான் தலைவலி. ஏற்றுமதியை நம்பி இறங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாக்கில் இருக்கும் அரெக்கோலின் போன்ற பொருள்கள் மட்டையிலிருந்து உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி, பாக்கு மட்டைத் தட்டுகளை அமெரிக்காவில் விற்கக்கூடாது என்று அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2025-இல் அறிவித்தது. ஒரே வாங்குபவரை நம்பிய சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு இது பெரிய அடி.

கரும்புச் சக்கைத் தட்டும் கிண்ணமும் வேறு. சக்கையைக் கூழாக்கி அச்சில் வார்க்க வேண்டும், முதலீடு அதிகம். கரூர் புகளூரில் காகித ஆலையே சக்கையில் ஓடுவதால் நம் பக்கம் சக்கையின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும், விலையும் அதற்கேற்ப இருக்கும். எண்ணெய் இறங்காமல் இருக்கச் சிலர் ஃபுளோரின் ரசாயனங்களைப் பூசுகிறார்கள். மக்கும் தட்டில் மக்காத ரசாயனத்தைப் பூசுவது சரியில்லை, டென்மார்க் 2020-லேயே உணவுக் காகிதங்களில் அதைத் தடை செய்துவிட்டது. வாங்கும்போதும் செய்யும்போதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

பந்தியில் வாழை இலை போடும் ஊரில் பந்திக்கு வேறு எதையும் தேட வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

எங்கே போய் முடிகிறது?

இவ்வளவு பார்த்த பிறகு, என்ன செய்வது என்பதை மூலப்பொருளை வைத்து முடிவு செய்யக்கூடாது என்ற எண்ணம் எனக்கு உறுதியாகிவிட்டது. பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கைப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். "மக்கும்" என்று இந்தியாவில் அச்சிட்டு விற்க ஐ.எஸ். 17088 தரத்தில் தேற வேண்டும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வாங்க வேண்டும். உரக்கூடச் சூட்டில் 180 நாளுக்குள் 90 சதவீதக் கார்பன் கரியமில வாயுவாக மாற வேண்டும், 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக்கூடாது, கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும், அந்த உரத்தில் விதை முளைக்க வேண்டும். நல்ல தரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தச் சான்று இருந்தால் மற்றப் பைகளுக்குள்ள, தடிமன் 120 மைக்ரானுக்குக் குறையக்கூடாது என்ற கட்டுப்பாடு கிடையாது. 2024 மார்ச்சில் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், மக்கும் பிளாஸ்டிக் என்றால் நுண்துகள் எதையும் விட்டுச் செல்லக்கூடாது என்று சொல்கிறது.

ஆனால் அந்தச் சான்று உரக்கூடத்துக்கானது. பை அங்கே போகிறதா? 2014-க்குள் மிலான் நகரம் முழுக்க வீடு வீடாகச் சமையல் கழிவைத் தனியாக எடுக்கத் தொடங்கினார்கள். இத்தாலியில் 2011 முதலே ஒருமுறைக் கடைப்பை மக்கும் பையாகத்தான் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய பையிலேயே காய்கறித் தோலைக் கட்டி வைக்கிறார்கள், பையோடு சேர்த்து உரக்கூடத்துக்குப் போகிறது. அங்கே அந்தப் பைக்கு ஒரு வேலை இருக்கிறது, போய்ச் சேர ஓர் இடமும் இருக்கிறது.

நம் பக்கத்து நகராட்சியின் நுண்ணுரக் கூடத்துக்குப் போய் ஒரு காலை முழுக்க நின்று பார்த்தேன். தூய்மைப் பணியாளர்கள் கையால் பிரிக்கிறார்கள். பை என்று கண்ணில் பட்டதும் எடுத்து வெளியே போடுகிறார்கள். அவர்கள் செய்வது சரிதான். மக்கும் பையையும் பாலிதீனையும் ஓடும் கையில் எப்படிப் பிரித்துப் பார்க்க முடியும்? ஆக அந்தப் பை குப்பை மேட்டுக்கோ சாக்கடைக்கோதான் போகிறது. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் வைத்துப் பார்த்து 2019-இல் எழுதியிருக்கிறார்கள். உரமாகும் பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது, பளு தாங்கவில்லை என்பதுதான் வித்தியாசம். கொல்லையில் நான் புதைத்த மக்கும் பையும் ஆறு மாதம் கழித்துக் கிழிசலாக, ஆனால் பையாகவே இருந்தது. பக்கத்தில் புதைத்த பாக்கு மட்டைத் தட்டு அதற்குள் மண்ணோடு மண்ணாகியிருந்தது.

அதனால் கடைக்காரருக்கு என் பதில் துணிப்பைதான். மஞ்சப்பை. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடையின் இடத்தை இன்னொரு ஒருமுறைப் பை பிடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை, அது மாவுப் பையாக இருந்தாலும்.

மக்கும் ஃபிலிமுக்கு உண்மையான தேவை வேறொரு இடத்தில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தக்காளி, தர்பூசணி வயல்களில் விரிக்கும் மல்ச்சிங் ஷீட். 25, 30 மைக்ரான் பாலிதீன், ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் கறுப்பு. களை வராது, தண்ணீர் மிச்சம், எல்லாம் சரி. அறுவடை முடிந்ததும் அதை உரித்தெடுக்கக் கூலி கொடுக்க வேண்டும். வெயிலில் நைந்ததை முழுசாக எடுக்கவே முடியாது, துண்டுகள் மண்ணிலேயே புதைந்துவிடும். எடுத்ததையும் மண் ஒட்டியிருப்பதால் மறுசுழற்சிக்காரர் வாங்குவதில்லை, வரப்பில் போட்டுக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையைப் பார்த்திருக்கிறேன், மூச்சை அடைக்கும். இங்கே பொருள் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விக்கே இடமில்லை. அது இருக்கும் இடம் மண், முடியும் இடமும் மண். ரோட்டவேட்டர் ஓட்டி உழுதுவிட்டால் வேலை முடிந்தது என்றால், கூடுதல் விலையில் ஒரு பகுதியை உரிக்கும் கூலியே திருப்பிக் கொடுத்துவிடும்.

இதற்கு 17088 சான்று போதாது. ஐரோப்பாவில் மூடாக்குத் தாளுக்கென்றே 2018-இல் ஈ.என். 17033 என்று ஒரு தரம் வந்திருக்கிறது. சாதாரண மண்ணின் சூட்டில் இரண்டு வருடத்துக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும். குருணை வாங்கும்போது கேட்க வேண்டியது இதைத்தான். உரக்கூடத்தில் மக்கும் குருணையைக் கொண்டு மல்ச்சிங் ஷீட் ஊதி விவசாயியிடம் கொடுத்தால், பாலிதீனைக் கொடுத்ததைவிடப் பெரிய துரோகம் அது. நம்பி மண்ணில் விட்டுவிடுவார்.

நாற்றுப் பையும் யோசிக்கலாம், ஆனால் எல்லா நாற்றுக்கும் இல்லை. பப்பாளி, முருங்கை மாதிரி 45, 60 நாளில் நடவுக்குப் போவதற்குச் சரிப்படும். மரக்கன்றுகள் பண்ணையில் ஆறு மாதம், ஒரு வருடம் நிற்கும். தினம் தண்ணீர் தெளிக்கும் இடத்தில் பை அதற்குள் நைந்துவிடும். காய்கறி நாற்று ஏற்கெனவே குழித்தட்டுக்குப் போய்விட்டது. மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பியைத் தென்னை நார்க்கழிவோடு அழுத்தித் தொட்டியாக்கலாமா என்று மச்சினன் கேட்கிறான். திப்பியில் இன்னும் நிறைய மாவு மிச்சம் இருப்பதால் தானே ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத் தண்ணீரில் கரையாமல் நிற்குமா என்பதுதான் கேள்வி. மாட்டுத் தீவனமாகப் போகும் திப்பிக்கு நல்ல விலை கிடைக்கும் வருடத்தில் இதைத் தொடவே வேண்டாம். ஆனால் செய்து பார்க்கச் செலவு அதிகம் இல்லை, அதனால் செய்யட்டும்.

கிழங்கு வரத்தையும் மறக்கக்கூடாது. 2020-இல் மாவுப்பூச்சி வந்து நாமக்கல், சேலம் வயல்களை வாட்டியதும், அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 2022-இல் ஏத்தாப்பூரில் விட்டதும் அவனுக்கு நன்றாகவே தெரியும். அந்த மாதிரி வருடத்தில் ஜவ்வரிசிக்கே மாவு போதாது. ஃபிலிமுக்குத் தேவைப்படும் மாவு கொஞ்சம்தான் என்பது இந்த இடத்தில் மட்டும் நமக்கு நல்லது.

ஆகவே அவனுக்கு நான் சொன்னது இது. மெஷின் வாங்காதே மாப்ள. கடன் வேண்டாம். மண்ணில் மக்கும் சான்றுள்ள மாவு கலந்த குருணையை அரை டன் வாங்கு. ஃபிலிம் ஊதும் ஆட்களை எனக்குத் தெரியும், ஜாப் ஒர்க்காகக் கறுப்பு ஷீட் ஊதித் தருவார்கள். தக்காளி போடும் இரண்டு பேரின் வயலில் பாதிக்கு இது, பாதிக்கு வழக்கமான ஷீட். காய்ப்பு முடியும்வரை கிழியாமல் நிற்கிறதா, களை வருகிறதா, உரிக்கும் கூலி எவ்வளவு மிச்சம் என்று ஒரு நோட்டில் எழுது. ஊதும் இயந்திரமா, மாவைக் குருணையாக்கும் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். இரண்டாவதுதான் அவன் மாவுக்கு நெருக்கமான தொழில் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வாங்க ஆள் இருக்கிறதா என்று தெரியாமல் அதைத் தொட முடியாது.

பங்காளிகளில் ஒருவருக்கு இன்னும் கைப்பை மேல்தான் ஆசை. அவரையும் அந்த நுண்ணுரக் கூடத்துக்கு ஒரு நாள் காலையில் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன். கார்த்திகையில் ஷீட் விரிக்கப் போகிறார்கள். அறுவடை முடிந்து உழுத பிறகு ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று மூன்று முறை, ஒரே இடத்து மண்ணை எடுத்துச் சேகோ ஆலையின் சல்லடையிலேயே சலித்து, மிஞ்சும் துண்டுகளை எடை போட்டு வைக்க வேண்டும். சல்லடையை எடுத்துத் தனியாக மாட்டி வைத்துவிட்டதாக நேற்று போன் செய்தான்.